சின்னம் அணியாதவர்கள்: கியூபெக் பைக்கர் போரின் வரலாறு

1998 நவம்பர் 27ஆம் தேதி இரவு மாண்ட்ரியல் நகரின் மோல்சன் சென்டர் அரங்கில் டேவி ஹில்டனுக்கும் ஸ்டெஃபான் உவெல்லெட்டுக்கும் குத்துச்சண்டை நடந்தது. அதைப் பார்க்க ஒருவர் தம் ஆட்கள் புடைசூழ வந்தார். சிறைக் காவலர்கள் இருவரைக் கொல்ல ஆணையிட்டார் என்ற வழக்கிலிருந்து அன்றைக்குத்தான் ஜூரி அவரை விடுவித்திருந்தது. மோரிஸ் பூஷே என்ற அந்த மனிதர் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் கியூபெக் தலைவர்களில் முதன்மையானவர். அவரைக் கண்டதும் அரங்கில் கைதட்டலும் ஆரவாரமும் எழுந்தன.

அந்தக் கைதட்டலைப் புரிந்துகொள்ளாமல் கியூபெக்கில் 1994இல் தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்த பைக்கர் போரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். 160க்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கிய போர் அது. கைதட்டல் எழுந்தபோது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கார் குண்டுக்கு இரையாகியிருந்தான். அதெல்லாம் தெரிந்த ஊர்தான் கை தட்டியது.

மோட்டார் சைக்கிள் கிளப்புகளின் தொன்மம் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1947 ஜூலையில் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த பந்தயத் திருவிழாவில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்த இளைஞர்களைப் பத்திரிகைகள் பெரிய கலவரக்காரர்களாக்கின. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் சொன்னதாக ஒரு கதை பரவியது. அப்படிச் சொன்னதற்குத் தங்களிடம் பதிவே இல்லை என்கிறது சங்கம். ஆனால் மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதம் நாங்கள்தான் என்று சொல்லி, ‘1%’ என்று தைத்த துணித்துண்டைச் சட்டையில் அணிந்துகொள்ளும் கிளப்புகள் உருவாகிவிட்டன. 1948இல் ஃபொன்டானா பகுதியில் தோன்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் அவற்றில் மிகப் பெரியதாக வளர்ந்தது.

இந்தக் கிளப்புகளின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. ஒருவர் நேராகப் போய் உறுப்பினராகிவிட முடியாது. முதலில் கூடச் சுற்றித் திரிபவராக, ‘ஹேங்கரவுண்ட்’ ஆக இருக்க வேண்டும். பிறகு எடுபிடி வேலையெல்லாம் செய்யும் ‘புராஸ்பெக்ட்’. கிளையின் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட பிறகே முதுகில் முழுச் சின்னம். அந்தச் சின்னத்தை மற்றவன் அணிந்தால் அடி விழும், சில நேரம் உயிரே போகும். இவற்றுக்குக் கீழே ‘பப்பெட்’ கிளப்புகள் எனப்படும் அடிமைக் கிளப்புகள். போதைப்பொருளைச் சில்லறையில் விற்பதும் கடனை வசூலிப்பதும் கொலை செய்வதும் கீழே நடக்கும். பணம் மேலே போகும். மேலே இருப்பவர் கையில் கறை படாது. சகோதரத்துவம் என்று அவர்கள் வாய் ஓயாமல் பேசினாலும், ஆபத்து கீழேயே தங்கி, வருமானம் மட்டும் மேலே ஏறும்படி செய்யப்பட்ட ஏற்பாடு இது.

கியூபெக்குக்கு ஏஞ்சல்ஸ் வந்தது 1977 டிசம்பரில். பப்பாய்ஸ் என்ற உள்ளூர்க் கிளப் தன் சின்னத்தைக் கழற்றிவிட்டு ஏஞ்சல்ஸின் சின்னத்தை அணிந்துகொண்டது. கனடாவில் அதுவே முதல் கிளை. சில ஆண்டுகளில் அது பிரிந்து லாவல் நகரில் ‘வடக்குக் கிளை’ உருவானது. அதில் ஈவ் ட்ரூடோ என்றொருவர் இருந்தார், முன்னாள் பிரதமர்களின் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர். 1970 முதல் 1985 வரை 43 பேரைக் கொன்றதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

லாவல் கிளைக்காரர்கள் விற்க வேண்டிய கோகெயினைத் தாங்களே அளவுமீறி உறிஞ்சினார்கள், மற்றக் கிளைகளுக்குச் சேர வேண்டிய பணத்தைச் சுருட்டினார்கள் என்பது சக ஏஞ்சல்ஸின் குற்றச்சாட்டு. 1985 மார்ச் 24 அன்று ஷெர்ப்ரூக் அருகே லெனாக்ஸ்வில்லில் உள்ள கிளப் கட்டடத்துக்கு அவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஐந்து பேர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். உடல்களைப் படுக்கைப் பைகளில் திணித்து, எடை கட்டி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் அமிழ்த்தினார்கள். அந்தக் கோடையில் முக்குளிப்பவர்கள் அவற்றை மேலே கொண்டுவந்தபோதுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. போதை மறுவாழ்வு மையத்தில் இருந்ததால் ட்ரூடோ அன்று தப்பினார். தன் பெயரும் பட்டியலில் இருந்ததை அறிந்து அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். 43 கொலைகளும் கொலை நோக்கமற்ற மரணங்களாகக் குறைக்கப்பட்டன. அவர் 1994இல் வெளியே வந்தார், பத்தாண்டுக்குள் ஒரு குழந்தையைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காக மறுபடி உள்ளே போனார். அரசு அவரோடு செய்துகொண்ட பேரத்தை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய சாட்சியத்தால் பலர் சிறைக்குப் போனார்கள் என்பது உண்மை. அதற்காகக் கொடுத்த விலை, இறந்த நாற்பத்து மூன்று பேரின் குடும்பங்களுடையது.

லெனாக்ஸ்வில் கொலைகள் இரண்டு நண்பர்களைப் பிரித்தன. மோரிஸ் பூஷேயும் சால்வதோர் கசெட்டாவும் மாண்ட்ரியலின் கிழக்குப் பகுதியில் ‘எஸ்எஸ்’ என்ற சிறு கிளப்பில் ஒன்றாக இருந்தவர்கள். அது 1984இல் கலைந்தது. பாலியல் வன்முறைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த பூஷே, வெளியே வந்து 1987இல் ஏஞ்சல்ஸில் சேர்ந்தார். கசெட்டா சேர மறுத்தார். சொந்தச் சகோதரர்களையே அழைத்துச் சுட்டவர்களோடு தனக்கு ஒட்டுறவு வேண்டாம் என்று சொல்லி, தம்பி ஜொவானியோடு சேர்ந்து 1986இல் ராக் மெஷினைத் தொடங்கினார். அதன் உறுப்பினர்கள் முதுகுச் சின்னம் அணியவில்லை. கழுகுத் தலை பொறித்த மோதிரம் மட்டுமே அடையாளம். கூட்டத்தில் போலீசுக்குக் கண்டுபிடிக்கக் கடினம், அதனால் தொழிலுக்கு வசதி.

சில ஆண்டுகள் இரு தரப்பும் ஒன்றையொன்று சகித்துக்கொண்டன. கசெட்டாவுக்கு மாண்ட்ரியலின் இத்தாலிய மாஃபியாவிடம் நல்ல செல்வாக்கு இருந்தது. பழைய நண்பர் என்பதாலும் பூஷே அவரை நேரடியாகத் தொடாமல் இருந்தார் என்பார்கள். 1994இல் பதினொரு டன் கோகெயின் கடத்தும் சதி வழக்கில், ஒன்டாரியோவின் ஃபோர்ட் ஈரியில் ஒரு நாய்ப் பண்ணையில் வைத்துக் கசெட்டா கைதானார். அந்தத் தடை விலகியதும் நகரின் மதுக்கடைகளிலும் தெருமுனைகளிலும் போதைப்பொருள் விற்றுக்கொண்டிருந்த தனி வியாபாரிகளுக்கு ஏஞ்சல்ஸின் செய்தி போனது: இனி எங்களிடம்தான் சரக்கு வாங்க வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்கு. மறுத்தவர்கள் ராக் மெஷினோடு சேர்ந்து ‘அலையன்ஸ்’ என்ற கூட்டணி அமைத்தார்கள். 1994 ஜூலையில் ஏஞ்சல்ஸின் துணைக் கிளப்பைச் சேர்ந்த ஒருவர் தன் மோட்டார் சைக்கிள் கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து போர்.

அதே ஆண்டுகளில் டென்மார்க்கிலும் அண்டை நாடுகளிலும் ஏஞ்சல்ஸும் பாண்டிடோஸ் என்ற போட்டிக் கிளப்பும் மோதிக்கொண்டிருந்தன. ஸ்வீடன் ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய டாங்கி எதிர்ப்பு ராக்கெட்டுகள்கூட அங்கே பயன்பட்டன. 1997 செப்டம்பரில் இரு தரப்பும் தொலைக்காட்சியில் கைகுலுக்கி அதை முடித்தார்கள். கியூபெக்கில் கைகுலுக்கல் வர மூன்று ஆண்டுகள் கூடுதலாயின, அதுவும் பொய்க் கைகுலுக்கல்.

தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒரு பைக்கர் இன்னொரு பைக்கரைக் கொன்றால் போலீசுக்கு வேலை மிச்சம் என்ற பேச்சு எங்கும் இருந்தது. 1995 ஆகஸ்ட் 9 அன்று ஓஷ்லாகா-மெஸோனோவ் பகுதியின் ஆடம் தெருவில் ஒரு ஜீப் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த போதைப்பொருள் வியாபாரி இறந்தார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற டேனியல் டெரோஷே என்ற பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் ஓர் இரும்புத் துண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்தான். அந்தப் பகுதி ஏழைத் தொழிலாளர்கள் வாழும் இடம், பூஷேயே வளர்ந்த இடம். குண்டு வைத்தவர் யார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

டேனியலின் தாய் வீட்டுக்குள் அழுதுகொண்டு உட்காரவில்லை. கையெழுத்து இயக்கம் நடத்தினார், அமைச்சர்களின் கதவுகளைத் தட்டினார், கும்பல்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார். அந்த இலையுதிர் காலத்தில் மாண்ட்ரியல் போலீசும் மாகாணப் போலீசும் மத்தியப் போலீசும் சேர்ந்து கர்காஜூ என்ற கூட்டுப் படையை அமைத்தன. 1997இல் நாடாளுமன்றம் சி-95 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. குற்ற அமைப்பு என்பதற்கு முதன்முறையாகச் சட்ட வரையறை வந்தது. ஆனால் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், கடந்த ஐந்தாண்டுக்குள் தொடர் குற்றங்கள் செய்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் வைத்ததால் நிரூபிப்பது கடினமாக இருந்தது. ஒரு தாயின் பிடிவாதம் பெற்றுத் தந்தது ஓட்டையுள்ள சட்டம்தான். ஆனாலும் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது.

பூஷே இதற்குள் தன் தரப்பை மாற்றி அமைத்திருந்தார். 1995 ஜூன் 24 அன்று, கியூபெக்கின் மாகாணப் பெருநாளில், நோமட்ஸ் என்ற சிறப்புக் கிளையைத் தொடங்கினார். ஊர் எல்லை எதற்கும் கட்டுப்படாத, தேர்ந்தெடுத்த சிலர் மட்டுமே கொண்ட கிளை அது. கீழே ராக்கர்ஸ் என்ற பப்பெட் கிளப். அதில் அடிதடிக்கு ‘பேஸ்பால் அணி’, கொலைக்கு ‘ஃபுட்பால் அணி’ என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தது பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்தது.

அவரை உறுத்திய ஒரே விஷயம் சாட்சிகள். பிடிபட்ட கொலைகாரர்கள் அரசோடு பேரம் பேசித் தண்டனையைக் குறைத்துக்கொண்டு தலைவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள். அதற்கு அவர் கண்ட வழி கொடூரமானது, கணக்குப்போட்டுச் செய்தது. சிறைக் காவலரையோ போலீஸ்காரரையோ கொன்றவனோடு எந்த அரசும் பேரம் பேசாது. அப்படியானால் ஆட்களை அந்தக் கொலைகளில் இறக்கிவிட்டால் அவர்கள் வாயைத் திறக்க வழியே இருக்காது. 1997 ஜூனில் போர்டோ சிறையில் பணி முடித்து வீட்டுக்குக் காரோட்டிச் சென்ற பெண் காவலர் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டுக் கொன்றனர். செப்டம்பரில் கைதிகளை ஏற்றப் போய்க்கொண்டிருந்த சிறைப் பேருந்தில் இன்னொரு காவலர் கொல்லப்பட்டார். இருவருக்கும் பைக்கர்களோடு எந்தப் பகையும் இல்லை. அவர்கள் அணிந்திருந்த சீருடைதான் காரணம்.

கணக்குத் தப்பியது. இரண்டு கொலைகளிலும் பங்கெடுத்த ஸ்டெஃபான் கான்யே அந்த டிசம்பரிலேயே பிடிபட்டார், ஒரே இரவு விசாரணையில் பேச ஆரம்பித்தார், பூஷேயின் பெயரையும் சொன்னார். அரசு அவரோடு பேரம் பேசியது. ஆனால் கொலைகாரனின் வார்த்தையை எவ்வளவு தூரம் நம்புவது என்ற கேள்வியில் முதல் ஜூரி தடுமாறியது. குத்துச்சண்டை அரங்கின் ஆரவாரம் அதன் விளைவு. ஜூரிக்கு நீதிபதி தந்த வழிகாட்டல் தவறானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 அக்டோபரில் தீர்ப்பளித்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்றே பூஷே கைதானார்.

அதற்குமுன் வந்த கோடையில் நடந்த ஒரு திருமணத்தைச் சொல்லியாக வேண்டும். 2000 ஆகஸ்டில் நோமட்ஸ் உறுப்பினர் ஒருவரின் திருமண விருந்தில் கியூபெக்கே கொண்டாடும் பாடகி ஜினெட் ரெனோவும் பாடகர் ஜான்-பியேர் ஃபெர்லாந்தும் பாடினார்கள். பூஷேயின் பக்கத்தில் ரெனோ நிற்கும் படங்கள் குற்றச் செய்தி வார இதழ் ஒன்றில் வெளியாகின. பலர் அதிர்ந்தார்கள், பலர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பைக்கர் என்றால் சற்று முரடன், ஆனாலும் நம் ஊர்க்காரன், ஆங்கிலேயரிடமும் அதிகாரிகளிடமும் தலை குனியாதவன் என்ற மதிப்பீடு பிரெஞ்சு கியூபெக்கின் அடித்தட்டில் ஊறிப் போயிருந்தது. அந்த மதிப்பீட்டைத் தன் கவசமாகப் பயன்படுத்த பூஷேக்குத் தெரிந்திருந்தது.

பணம் எவ்வளவு என்பது வெளியே தெரிய ஒரு தகவலாளி காரணம். ராக்கர்ஸில் இருந்த டேனி கேன், போலீசுக்காக வேலை செய்தவர், தானே கொலைகளிலும் பங்கெடுத்தவர். 2000 ஆகஸ்டில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் இறந்து கிடந்தார். அவர் கொடுத்த தடயங்களைப் பின்தொடர்ந்த போலீஸ், மாண்ட்ரியலின் சாதாரண அடுக்குமாடி வீடுகளில் நோமட்ஸ் ஆட்கள் பணத்தை எண்ணிக் கணினியில் வரவு வைப்பதைக் கண்டுபிடித்தது. ஓராண்டுக்குள் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட விற்பனை அந்தக் கணக்குகளில் இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் துணைக் கிளப்புக்கும் தனித்தனிப் பேரேடு, எவ்வளவு சரக்கு, எவ்வளவு பாக்கி என்று. ‘மரியாதை’, ‘சின்னத்தின் கௌரவம்’ என்றெல்லாம் பேசப்பட்ட பகையின் உண்மையான ஆவணம் என்று நான் கருதுவது அந்தப் பேரேடுகளைத்தான்.

2000 செப்டம்பர் 13 காலை, ‘ழுர்னால் த மொரெயால்’ நாளிதழின் குற்றச் செய்தியாளர் மிஷெல் ஓஜே அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கியபோது பின்னாலிருந்து சுடப்பட்டார். ஆறு குண்டுகள். தரையில் விழுந்தவர் தன் கைபேசியில் தானே அவசர உதவியை அழைத்தார். பைக்கர் கொலைகள் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை முந்தைய நாள்தான் வெளியாகியிருந்தது. செய்தியாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பிழைத்து எழுந்த ஓஜே சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினார், முன்பு எழுதியதையே தொடர்ந்து எழுதினார். 2020இல் அவர் இறந்தபோது கனடா முழுவதும் அவருக்கு அஞ்சலி செலுத்தியது. துணிச்சல் என்ற சொல்லை நான் எளிதில் எழுதுவதில்லை. அவருக்கு எழுதுகிறேன்.

ஓஜே மீதான தாக்குதலுக்குப் பிறகு பொதுமக்களின் கோபம் இரு தரப்பையும் பயமுறுத்தியது. ஏஞ்சல்ஸ் போன்ற அமைப்பில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. அந்தச் சூழலில் பூஷேயும் ராக் மெஷினின் ஃப்ரெட் ஃபோஷேயும் சந்தித்து, அக்டோபர் 8 அன்று மாண்ட்ரியலின் ஓர் உணவகத்தில் ஒன்றாகச் சாப்பிட்டு, புகைப்படக்காரரை வரவழைத்துச் சமாதானம் அறிவித்தார்கள். சில நாட்களில் டெர்போன் நகரில் ஒரு சிறு மதுக்கடையின் இளம் உரிமையாளர், தன் கடைக்குள் போதைப்பொருள் விற்க அனுமதிக்காததற்காக, பட்டப்பகலில் பேஸ்பால் மட்டைகளால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் எந்தப் பக்கமும் இல்லாதவர். ‘வேண்டாம்’ என்று சொன்னது மட்டுமே அவர் செய்தது. அந்த ஆண்டு கோடையில் ஓர் உணவகத்தில் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்தபோது, குறிவைக்கப்பட்ட பைக்கர் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணை இழுத்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். குண்டுகள் பாய்ந்தும் பிழைத்த அந்தப் பெண், பின்னர் பைக்கர்கள் மேல் நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுத்தார்.

சமாதானத்தின் உண்மை முகம் சில வாரங்களில் வெளிப்பட்டது. ராக் மெஷின் அமெரிக்கப் பாண்டிடோஸோடு இணைந்தது. அதற்குப் பதிலடியாக 2000 டிசம்பர் 29 அன்று சொரெல் நகரில் ஏஞ்சல்ஸ், ஒன்டாரியோ மாகாணத்துக் கிளப்புகளைச் சேர்ந்த 160க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் சின்னம் தைத்துக் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் எடுபிடியாக இருந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட சின்னம், சந்தையைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் மொத்தமாக விநியோகிக்கப்பட்டது.

2001 மார்ச் 28 விடியலில் ஏறத்தாழ 2,000 போலீசார் ஒரே நேரத்தில் கியூபெக் முழுவதும் இறங்கினார்கள். வசந்தகாலம் 2001 என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், நோமட்ஸ் கிளை ஏறக்குறைய முழுவதும் சிக்கியது. இத்தனை பேரை ஒன்றாக விசாரிக்கப் போர்டோ சிறைக்குப் பக்கத்திலேயே தனி நீதிமன்றக் கட்டடம் எழுப்ப வேண்டியிருந்தது. அதே ஆண்டு நிறைவேறிய சி-24 சட்டம் குற்ற அமைப்புக்கு மூன்று பேர் போதும் என்று வரையறையைத் தளர்த்தியது, அமைப்புக்காகச் செய்யும் செயல்களைத் தனிக் குற்றங்களாக்கியது. உறுப்பினராக இருப்பதை மட்டும் வைத்துத் தண்டிக்கும் வழியை ஒட்டாவா எடுக்கவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஒரு சங்கத்தில் இருப்பதே குற்றம் என்ற சட்டம் ஒருநாள் தொழிற்சங்கத்தின் மேலும் பாயும். 2002 மே 5 அன்று இரண்டாவது ஜூரி பூஷேயைக் குற்றவாளி என்றது. 25 ஆண்டுகளுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2022 ஜூலையில் சிறைவாசத்திலேயே புற்றுநோயால் இறந்தார்.

பாண்டிடோஸ் கனடாவில் நிலைக்கவில்லை. 2006 ஏப்ரலில் ஒன்டாரியோவின் ஷெட்டன் கிராமத்தருகே அதன் எட்டு ஆட்கள் ஒரே இரவில் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். கொன்றவர்கள் ஏஞ்சல்ஸ் அல்ல, அதே சின்னத்தை அணிந்த பாண்டிடோஸ்காரர்கள். லெனாக்ஸ்வில்லுக்கும் ஷெட்டனுக்கும் இடையே இருபத்தோர் ஆண்டுகள். இந்தக் கிளப்புகளின் கனடிய வரலாற்றில் ஒரே தாக்குதலில் மிக அதிகம் பேர் இறந்த சம்பவங்களில் அடங்கும் இந்த இரண்டும் சொந்தச் சகோதரர்கள் செய்தவை.

2009 ஏப்ரலில் கியூபெக் அரசு இன்னொரு பெரிய வலையை வீசியது. ஷார்க் என்ற அந்த நடவடிக்கையில் 156 பேர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. மாகாணத்தின் முழு உறுப்பினர்கள் ஏறக்குறைய அனைவரும் அதில் அடக்கம். ஆனால் இவ்வளவு பேரை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க நீதித்துறைக்குத் திராணி இல்லை என்று சொல்லி 2011இல் நீதிபதி ஜேம்ஸ் பிரன்டன் 31 பேரை விடுவித்தார். பலர் குறைந்த குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார்கள். 2015 அக்டோபரில், பிரதிவாதிகளுக்குச் சேர வேண்டிய ஆதாரங்களை அரசுத் தரப்பு காலங்கடந்து கொடுத்ததைக் கடுமையாகக் கண்டித்து, எஞ்சிய ஐந்து பேர் மீதான கொலை வழக்கையும் அதே நீதிபதி நிறுத்திவிட்டார். தீர்ப்பு நியாயமானது. அந்த நிலைக்குக் கொண்டுவந்த அரசுத் தரப்பின் அலட்சியத்தை இறந்தவர்களின் குடும்பங்கள் மன்னிக்கவில்லை. அவர்கள் மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சால்வதோர் கசெட்டா சிறைத் தண்டனை முடிந்து 2004இல் வெளியே வந்தார். லெனாக்ஸ்வில்லைக் காரணம் காட்டி ஏஞ்சல்ஸை மறுத்தவர், ராக் மெஷினை நிறுவியவர், அவருடைய ஆட்கள் அந்தச் சின்னத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் கொன்றும் செத்தும் இருக்கிறார்கள். வெளியே வந்த கொஞ்ச காலத்தில் அவர் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் மாண்ட்ரியல் கிளையில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் போலீஸ் அவரை அதன் தலைவர்களில் ஒருவராகக் குறிப்பிடத் தொடங்கியது.